வைத்தியம் கூண்டிலிருந்து தொடங்கட்டும்

கூண்டில் வளர்க்கும் சிறு பறவையான ஜீப்ரா ஃபிஞ்ச்சின் எடை சுமார் 12 கிராம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். இவ்வளவு சிறிய உடலை இவ்வளவு சூடாக வைத்திருக்க அது விழித்திருக்கும் நேரமெல்லாம் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தீனி உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. பிற விலங்குகளுக்கு இரையாகும் சிறு பறவைகள் எல்லாவற்றையும் போல, இதுவும் தன் நோயை முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். தளர்ந்த பறவையைத்தான் வேட்டையாடும் கண் முதலில் பார்க்கும் என்பதால், தெம்பு இருக்கும்வரை கம்பில் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். இறகுகளை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, கூண்டின் அடித்தட்டில் ஒதுங்கிய ஃபிஞ்ச்சை நாம் பார்க்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே ஃபிஞ்ச் வளர்ப்பில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருமுன் காப்பதுதான் வழி. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எப்படிக் காப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. மாதம் ஒருமுறை குடற்புழு மருந்து, சளிக்கு முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாடிக் பொடி, செள்ளுக்கு ஒரு சொட்டு மருந்து என்று புட்டிகளை அடுக்கி வைத்துக்கொள்வதையே பலர் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். ஒட்டுண்ணிகள் எப்படி வாழ்கின்றன என்று தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை நிற்காது. முதல் வைத்தியம் கூண்டுக்குத்தான். இரண்டாவது வைத்தியம், புதுப்பறவை உள்ளே நுழையும் வாசலுக்கு. பறவையின் வாய்க்குள் போகும் மருந்து மூன்றாவதாக, நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மட்டுமே வரவேண்டும்.

கூண்டுப் பறவைகளை வாட்டும் ஒட்டுண்ணிகளில் பல, தம் வாழ்நாளில் ஒரு பகுதியைப் பறவைக்கு வெளியேதான் கழிக்கின்றன. சிவப்புச் செள்ளை எடுத்துக்கொள்வோம். கோழி வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி இது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருவம். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், இரத்தம் குடித்தபின் சிவப்பு. பகல் முழுவதும் கம்பு கூண்டில் செருகியிருக்கும் முனையிலும், மரச்சட்டத்தின் இடுக்கிலும், கூட்டின் நாருக்குள்ளும் பதுங்கியிருக்கும். விளக்கணைந்த பிறகு ஊர்ந்து வந்து, தூங்கும் பறவையின் இரத்தத்தைக் குடித்துவிட்டு விடிவதற்குள் பழைய இடுக்குக்கே திரும்பிவிடும். முட்டையிடுவதும் அங்கேதான். நம் ஊர் வெயில் காலத்தில் முட்டை, குஞ்சு, வளர்ந்த செள்ளு என்ற முழுச் சுற்றும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும், சூழல் ஏற்றதாக இருந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பகலில் பறவையைக் கையில் பிடித்து இறகை விலக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் படாது. செள்ளே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு ஃபிஞ்ச்சின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று மேல்தான். ஒரு கிராம்கூட இல்லாத, அன்று பொரிந்த குஞ்சின் நிலையைச் சொல்லவே வேண்டாம். காரணம் தெரியாமல் கூட்டிலேயே வெளிறிச் சாகும் குஞ்சுகள் பலவற்றின் பின்னால் இந்தச் செள்ளு இருக்கிறது. பறவைக்கு மருந்து தடவிவிட்டு இடுக்குகளைத் தொடாமல் விட்டால் என்ன பயன்? இரவில் வெள்ளைத் துணி ஒன்றைக் கூண்டின் மேல் போர்த்தி, விடிந்ததும் அதன் மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் எதிரி எங்கே குடியிருக்கிறான் என்பது தெரிந்துவிடும். கம்புகளைக் கழற்றிக் கொதிநீரில் போடுவதும், பழைய கூட்டை எரித்துவிடுவதும், சட்டத்தின் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றித் துலக்கி வெயிலில் காயவைப்பதும், இதையே ஒரு வார இடைவெளியில் மீண்டும் செய்வதும்தான் இதற்கு அடிப்படை வைத்தியம்.

குடலில் வாழும் காக்சிடியாவின் கதையும் இதையே சொல்கிறது. கோழிகளில் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, ஃபிஞ்ச்சுகளில் உடல் மெலிவையும், தளர்ந்த எச்சத்தையும், குஞ்சுப்பருவச் சாவையும் கொண்டுவரும். இதன் முட்டை போன்ற உறைகள் எச்சத்தோடு வெளியே வரும்போது இன்னொரு பறவைக்குத் தொற்றும் பக்குவத்தில் இருப்பதில்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து, ஒன்று முதல் சில நாட்களில்தான் அவை முதிர்கின்றன. முதிர்ந்த உறை மிகக் கெட்டியானது. தரை துடைக்கும் சாதாரணக் கிருமிநாசினி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. கொதிநீரும் கடும் உலர்ச்சியும்தான் அழிக்கும். ஆக, எச்சம் விழுவதற்கும் அது தொற்றாக மாறுவதற்கும் இடையில் ஓர் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் அடித்தட்டுக் காகிதத்தை எடுத்து எறிந்துவிட்டால், எந்த மருந்தும் இல்லாமல் நோயின் சுற்று அறுந்துபோகிறது. தினமும் மாற்றும் ஒரு செய்தித்தாள், மாதம் ஒருமுறை கலக்கும் மருந்தைவிட வலிமையானது என்று சொல்வது மிகையல்ல. ஒட்டுண்ணியின் உயிரியலே அதற்கு ஆதாரம். இங்கே கவனிக்கத் தக்க இன்னொரு செய்தியும் உண்டு. ஃபிஞ்ச், குருவி போன்ற பறவைகளில் காக்சிடியா உறைகள் காலை எச்சத்தில் மிகக் குறைவாகவும், பிற்பகல் எச்சத்தில் ஏராளமாகவும் வெளிவருகின்றன. காலையில் எடுத்த எச்சத்தைப் பரிசோதித்து நோய் இல்லை என்று நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோகலாம். பரிசோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மாலை எச்சத்தையே சேகரிக்க வேண்டும்.

இடம்தான் நோயைப் பரப்புகிறது என்பதற்கு வீட்டுக் கூண்டுக்கு வெளியிலும் சான்று உண்டு. பிரிட்டனில் தோட்டங்களில் தீனித்தட்டு வைத்துக் காட்டுப் பறவைகளை அழைப்பது பரவலான வழக்கம். அங்கே 2005-இல் கிரீன்ஃபிஞ்ச்சுகளிடையே ஒரு நோய் தென்பட்டது. புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிதான் காரணம். தொண்டை அடைத்துப்போன பறவை, விழுங்க முடியாமல் எச்சில் பட்ட தானியத்தைத் தட்டிலேயே உமிழும். அடுத்த பறவை அதைக் கொத்தும். 2006-இல் இது பெருந்தொற்றாக வெடித்தது. சுமார் 43 இலட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச்சுகள் 2009-க்குள் 28 இலட்சமாகக் குறைந்தன. 2021-இல் பிரிட்டன் அந்தப் பறவையைக் கடும் ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஒட்டுண்ணி உலர்ந்த இடத்தில் நிலைக்காது. ஈரத் தானியமும் அழுக்குத் தண்ணீரும்தான் அதன் பாலம். அமெரிக்காவிலும் இதே போன்ற அனுபவம். 1940-இல் நியூயார்க்கில் கூண்டுப் பறவை வியாபாரிகள் திறந்துவிட்ட ஹவுஸ் ஃபிஞ்ச்சுகள் கிழக்குப் பகுதி முழுவதும் பெருகியிருந்தன. 1994-இல் வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் அவற்றின் கண்கள் வீங்கி மூடத் தொடங்கின. கோழிகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது. சில ஆண்டுகளில் கிழக்கு அமெரிக்கா எங்கும் அது பரவியதில், பறவைகள் நெருக்கியடித்துக் கூடும் தீனிக்குழல்களுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே தட்டு, ஒரே தண்ணீர், பல வாய்கள் என்ற நிலை வந்தால் வானத்தில் திரியும் பறவையே தப்ப முடியவில்லை. இரண்டடிக் கூண்டில் அடைபட்ட பறவை எப்படித் தப்பும்?

காட்டில் வாழும் ஃபிஞ்ச்சுக்கு யார் காகிதம் மாற்றுகிறார்கள், அதுவும் ஒட்டுண்ணிகளோடுதானே வாழ்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒட்டுண்ணி இல்லாத காட்டுப் பறவை அரிது. சிறிதளவு இருப்பது இயல்பும்கூட. ஆனால் ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் பறக்கும் ஜீப்ரா ஃபிஞ்ச், தான் எச்சமிட்ட இடத்தை விட்டு அடுத்த நிமிடமே போய்விடுகிறது. அந்த எச்சத்தை வெயில் சுட்டுக் காயவைக்கிறது. கூண்டுப் பறவைக்கு அந்த விடுதலை இல்லை. எச்சமும் தீனியும் தண்ணீரும் ஒரு முழத்துக்குள் இருக்க, அதே இடத்தில் காலம் முழுக்க உலவுகிறது. காட்டில் பத்து இருக்கும் ஒட்டுண்ணி கூண்டில் பல்லாயிரமாவது இப்படித்தான். பறவையிடமிருந்து நாம் பறித்துக்கொண்டது விலகிப்போகும் வசதியை. அதற்கு ஈடாக அழுக்கை விலக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. எல்லா ஒட்டுண்ணியும் வெளியே வாழ்வதில்லையே, பறவைக்குள்ளேயே முழு வாழ்வையும் கழிப்பவற்றைக் கூண்டைக் கழுவி எப்படி ஒழிப்பது? உண்மைதான். கோல்டியன் ஃபிஞ்ச்சையும் கேனரியையும் அதிகம் தாக்கும் காற்றுப்பைச் செள்ளு அப்படிப்பட்டது. மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் குடியேறி அங்கேயே இனம் பெருக்கும். முதலில் ஆணின் பாட்டு நின்றுபோகும். பிறகு மூச்சில் ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்கும். வாய் திறந்தபடி இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும். இருட்டறையில் பறவையின் கழுத்து இறகை ஈரமாக்கி விலக்கி, பின்னாலிருந்து சிறு டார்ச் அடித்தால், மூச்சுக்குழாயில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் சில வேளை தெரியும். இது இருமலாலும், தாய் குஞ்சுக்கு ஊட்டும்போதும் பரவுவது. இதே வகையில் இன்னொரு மறைமுக எதிரி காக்லோசோமா என்ற குடல் ஒட்டுண்ணி. பெங்காலி ஃபிஞ்ச் நல்ல வளர்ப்புத்தாய் என்பதால், கோல்டியன் முட்டைகளை அதன் கூட்டில் வைத்துப் பொரிக்க விடுவது வழக்கம். அந்த வளர்ப்புத்தாய் நோய்க்குறி எதுவுமில்லாமல் இந்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கும். அது ஊட்டி வளர்க்கும் கோல்டியன் குஞ்சுகளோ செரிக்காத தானியம் எச்சத்தில் முழுசாக வர, மெலிந்து சாகும். கூண்டைத் துலக்குவதால் மட்டும் இவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை காற்றில் முளைத்து வருபவை அல்ல. இன்னொரு பறவைதான் இவற்றைச் சுமந்து வருகிறது. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. அதன் அடுத்த பாதிக்குக் கொண்டுபோகிறது. கூண்டு ஒரு வாசல், புதுப்பறவை இன்னொரு வாசல்.

அந்த இரண்டாம் வாசலைக் காப்பது தனிமைப்படுத்தல். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் புரிந்துகொண்ட முறைதான். சந்தையிலிருந்தோ நண்பர் வீட்டிலிருந்தோ வந்த பறவை, எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும், குறைந்தது 30 நாட்கள் வேறோர் அறையில் தனிக்கூண்டில் இருக்கட்டும். அதன் தட்டு, கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனி. பழைய பறவைகளைக் கவனித்த பிறகே அதன் பக்கம் போகவேண்டும்; முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அந்த நாட்களில் எச்சப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடலாம். இரவில் விளக்கணைத்துவிட்டு மூச்சொலியைக் காது கொடுத்துக் கேட்கலாம். கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் வாரம் இருமுறை எடை பார்க்கலாம். 12 கிராம் பறவை ஒரு கிராம் இழந்தால் அது தன் உடலில் பன்னிரண்டில் ஒரு பங்கை இழந்துவிட்டது. அறுபது கிலோ மனிதர் ஐந்து கிலோ குறைந்ததற்குச் சமம். இறகு மறைக்கும் மெலிவைத் தராசு மறைக்காது. இட வசதி இல்லை, சிறிய வீடு என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: புதுப்பறவையை ஒரு மாதம் தனியே வைக்க இடமில்லாத வீட்டில், புதுப்பறவைக்கே இடமில்லை. இருக்கிற ஜோடியை நன்றாக வைத்திருப்பதே போதும்.

இவ்வளவும் செய்வோம், கூடவே மாதாமாதம் மருந்தும் கொடுத்தால் கெட்டுப்போவது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. செள்ளுக்கு அதிகம் கைக்கொள்ளப்படும் மருந்து ஐவர்மெக்டின். நல்ல மருந்து, அதைக் கண்டறிந்ததற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மாடு ஆடுகளுக்கான 1 சதவீத ஊசிமருந்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பறவைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். அப்படியானால் 12 கிராம் ஃபிஞ்ச்சுக்கு வேண்டியது 0.0024 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர், நீர்க்காத மருந்தின் ஒரு சொட்டில் இருப்பது 0.5 மில்லிகிராம். அதாவது தேவையைப்போல் 200 மடங்குக்கும் மேல். ஒரே ஒரு சொட்டுதானே என்ற நினைப்பு ஒரு பறவையின் நரம்பு மண்டலத்தையே முடக்கிக் கொன்றுவிடும். மருத்துவர் இதைச் சரியான விகிதத்தில் நீர்க்கச் செய்து தருகிறார். அந்த நீர்ப்பில்தான் உயிர் இருக்கிறது. தண்ணீரில் கலக்கும் பொடிகளுக்கோ வேறொரு குறை. வறண்ட நாட்டிலிருந்து வந்த ஜீப்ரா ஃபிஞ்ச் குடிக்கும் நீரின் அளவு வெயிலுக்கும் தீனிக்கும் ஏற்பப் பெரிதும் மாறும். நோயுற்ற பறவையோ குடிப்பதையே குறைத்துவிடும். மருந்து அதிகம் தேவைப்படும் பறவைக்குக் குறைவாகவும், தேவையில்லாத பறவைக்கு அதிகமாகவும் போய்ச்சேர்கிறது. குடற்புழு மருந்தின் நிலை என்ன? நாடாப்புழு ஒரு பறவைக்குள் போக இடையில் ஒரு பூச்சி வேண்டும். பூச்சிக்குள் வளர்ந்து, அந்தப் பூச்சியைப் பறவை தின்றால்தான் தொற்றும். வீட்டுக்குள் தானியம் மட்டும் தின்று வளரும் ஃபிஞ்ச்சுக்கு அந்த வாய்ப்பே குறைவு. இல்லாத புழுவுக்கு மாதாமாதம் மருந்து ஊற்றுவதால் ஈரலுக்குச் சுமை கூடுகிறது. தேவையின்றி, அரைகுறை அளவில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கோ, பிற்காலத்தில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளைத்தான் வளர்த்து வைக்கும்.

கை வைத்தியத்தை நம்புவோரின் கேள்வியும் மதிப்புக்குரியது. கூண்டில் ஒரு கொத்து வேப்பிலை கட்டுவதில் தீங்கில்லை. பறவை கொத்தி விளையாடும். ஆனால் இடுக்கில் பதுங்கிய செள்ளை அது வெளியேற்றிவிடும் என்று நம்பி வெந்நீரை மறந்துவிடக் கூடாது. பூண்டுச் சாற்றைத் தண்ணீரில் கலப்பதால் பறவை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். நோய் தீர்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்துருண்டையைக் கூண்டருகே தொங்கவிடுவது நேரடியான ஆபத்து. பறவையின் சுவாச அமைப்பு நம்முடையதைப் போன்றதல்ல. நுரையீரலோடு உடல் முழுவதும் பரவிய காற்றுப்பைகளும் சேர்ந்து, காற்றை ஒரே திசையில் ஓடவிட்டு ஆக்சிஜனை மிகத் திறமையாக உறிஞ்சுகின்றன. நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்பிரே ஆகியவை இருக்கும் அறையில் ஃபிஞ்ச் இருக்கக் கூடாது. அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி சில நிமிடங்களிலேயே சிறு பறவைகளைக் கொன்றுவிடும். கொசுவும் அம்மை போன்ற நோய்களைப் பறவைக்குக் கொண்டுவருவதால் அதைத் தடுத்தே ஆகவேண்டும். அதற்குப் புகையை நாடாமல், மாலையானதும் கூண்டைச் சுற்றிக் கொசுவலை போடுவதே நல்லது.

இனி, கூண்டுக்கு வைத்தியம் என்றால் நடைமுறையில் என்ன? ஃபிஞ்ச் கிடைமட்டமாகப் பறக்கும் பறவை. ஆகவே உயரமான வட்டக் கூண்டால் அதற்குப் பயனில்லை. ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளமுள்ள செவ்வகக் கூண்டு வேண்டும். அதிலேயே ஐந்தாறு ஜோடிகளை அடைத்தால் எச்சமும் சண்டையும் பெருகி, நோய் எதிர்ப்பு சரியும். அடித்தட்டுக்கு மேல் கம்பி வலை இருந்தால் விழுந்த தானியத்தை எச்சத்தோடு சேர்த்துப் பொறுக்க முடியாது. தீனித்தட்டுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நேர் மேலே கம்பு வைக்கக் கூடாது என்பது எளிய விதி. ஆனாலும் பல வீடுகளில் கம்பு அங்கேதான் இருக்கிறது. குடிநீரைக் காலையில் ஒருமுறையும், கோடையில் மாலையிலும் மாற்றுங்கள். கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக இருந்தால் அது கிருமிப் படலம், தேய்த்துக் கழுவவேண்டும். குளிக்க ஒரு தாழ்வான தட்டில் தண்ணீர் வைத்து, குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். குளிப்பது பறவையின் இறகைச் சீராக வைத்துக்கொள்ள உதவும். பால்கனியில் தொங்கும் கூண்டின் மேல் புறாவும் காக்கையும் எச்சமிடாதபடி மறைப்பு இருக்கட்டும். ஜன்னல் மேல் புறாவோ குருவியோ கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்துபோனதும் பசித்த செள்ளுகள் அடுத்த இரையைத் தேடி உங்கள் கூண்டுக்குத்தான் வரும். தாங்கியில் நிற்கும் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தால் எறும்பு ஏறிக் குஞ்சைக் கடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தனிக்கவனம் வேண்டும். ஈரக்காற்றில் தினையும் சாமையும் பூஞ்சை பிடிக்கும். காக்சிடியாவுக்கும் அதுவே அறுவடைக் காலம். தானியத்தைக் கொஞ்சமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் வையுங்கள். முக்கல் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சுத்தமான கூண்டிலும் பறவை நோயுறுவது உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் உள்வலு குறைவதே. வெறும் தினை மட்டும் தின்னும் ஃபிஞ்ச்சுக்குக் கால்சியமும் வைட்டமின் ஏ-யும் போதாது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை ஒரு துண்டு கம்பியில் கட்டிவிடுங்கள். நன்றாகக் கழுவிய கீரை சிறிது, வேகவைத்த முட்டை வாரம் ஓரிரு முறை போதும். ஈரத்தீனி எதையும் நம் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது. பலர் கவனிக்கத் தவறுவது இனப்பெருக்கத்தை. ஜீப்ரா ஃபிஞ்ச் கூடு இருக்கும்வரை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஈற்றுக்கு நான்கைந்து முட்டை, அடைகாப்பு, ஊட்டல், உடனே அடுத்த ஈற்று என்று ஓய்வே இல்லாமல் போனால், பெட்டையின் உடலிலிருந்து கால்சியம் வற்றி, முட்டை வெளிவராமல் சிக்கியே செத்துப்போகும். இரண்டு மூன்று ஈற்றுக்குப் பிறகு கூட்டை எடுத்துவிட்டுச் சில மாதங்கள் ஓய்வு கொடுங்கள். எடுத்த கூட்டைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அது செள்ளின் கோட்டை.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்பது கடைசி மறுப்பு. காகிதம் மாற்ற, தண்ணீர் மாற்ற, ஒரு நிமிடம் நின்று ஒவ்வொரு பறவையையும் பார்க்க, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். வாரம் ஒருநாள் கம்புகளுக்குக் கொதிநீர். அப்படியும் ஒரு பறவை சோர்ந்தால் உடனே அதைத் தனிக்கூண்டில் மாற்றி, ஒரு பக்கம் மட்டும் மங்கலான பல்பின் சூடு படும்படி வையுங்கள். 30 டிகிரி அளவு கதகதப்பும், அலகுக்கு எட்டும் தூரத்தில் தீனியும் தண்ணீரும்தான் முதலுதவி. பிறகு மாலை எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். 1903-இல் தொடங்கப்பட்டு, சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. நூறு ரூபாய்ப் பறவைக்கு வைத்தியமா என்று தயங்கவேண்டாம். அதன் விலை எதுவானாலும், கதவைச் சாத்தியது நாம்தான்.

ஃபிஞ்ச் வேண்டும் என்பதற்காக, நம் வயல்களில் கூட்டமாகப் பறக்கும் சில்லைகளைப் பிடித்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அவற்றைப் பிடிப்பதும் அடைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்ட அதிர்ச்சியிலேயே பல மடியும், மீதி தம்மோடு காட்டு ஒட்டுண்ணிகளைக் கூண்டுக்குக் கொண்டுவரும். பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஜீப்ரா, பெங்காலி, கோல்டியன் ஃபிஞ்ச்சுகள் போதும். அவற்றையும் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: தினமும் காகிதம் மாற்ற என்னால் முடியுமா? வரும் பறவையை ஒரு மாதம் தனியே வைக்க இடமுண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். இல்லை என்றால், எத்தனை மருந்துப் புட்டி வாங்கினாலும் அந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது.